இருபத்தைந்தாம் பள்ளி

பாடம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு சிறுவன் திடீரெனக் குரைப்பது போல ஒலி எழுப்புகிறான். கழுத்தை வெட்டி இழுக்கிறான். குறும்பு என்று எண்ணி ஆசிரியர் தண்டிக்கிறார். அவன் செய்த குற்றம் யாது?

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் வளர்ந்த பிராட் கோஹனின் இளமை இவ்வாறே கழிந்தது. ஆசிரியர் ஒருவர் அவரை வகுப்பின் முன் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவும் செய்தார். அவரை வாட்டியது டூரெட் என்னும் நரம்புக் குறைபாடு. 1885-ஆம் ஆண்டில் இதனை விரித்துரைத்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரே இதற்கு வழங்குகிறது. இது பெரும்பாலும் பத்து வயதிற்குள் தோன்றும். கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டை செருமல் ஆகியவை தாமாகவே நிகழும். தும்மலை அடக்குவது போலச் சிறிது நேரம் அடக்கலாம். பின்னர் வெளிப்பட்டே தீரும். இதனால் அறிவு குன்றுவதில்லை. இது பிறரைத் தொற்றுவதுமில்லை.

ஒருநாள் அவர் பயின்ற பள்ளியின் தலைவர், மாணவர் கூடிய அவையில் அவரை மேடைக்கு அழைத்தார். சில எளிய வினாக்களைக் கேட்டு, அவ்வொலிகள் வேண்டுமென்று எழுப்பப்படுவன அல்ல என்பதை அவர் வாயாலேயே விளங்கவைத்தார். அவை கைதட்டியது. தமக்குக் கிட்டாத நல்லாசிரியராகத் தாமே ஆவது என்று அவர் உறுதி பூண்டார்.

பட்டம் பெற்றபின் 24 பள்ளிகள் அவரை மறுத்தன. 25-ஆவதாக ஜார்ஜியா மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்று ஏற்றது. குழந்தைகளிடம் தம் குறையை மறையாது கூறி, ஐயங்களைக் கேட்கச் செய்து, அதன்பின் பாடம் தொடங்கினார். 1997-இல் அம்மாநிலத்தின் சிறந்த புதிய ஆசிரியர் என்னும் விருது அவரை வந்தடைந்தது. 2005-இல் அவர் வரலாறு நூலாயிற்று. அதனைத் தழுவி 2018-இல் வெளிவந்த 'ஹிச்கி' என்னும் இந்திப் படத்தில் ராணி முகர்ஜி ஆசிரியையாக நடித்ததை நம் இல்லத்தார் பலர் கண்டிருக்கலாம். 'ஹிச்கி' என்றால் விக்கல்.

ஊரும் மொழியும் பள்ளியும் மாறி வாழ்பவர் நம் பிள்ளைகள். கவலையும் களைப்பும் மிகும்போது இத்துடிப்புகளும் மிகும். ஆகவே பெற்றோர்களே, ஓயாது கண் சிமிட்டும் குழந்தையை அதட்டாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். துடிப்பைக் குறைக்கும் பயிற்சி முறைகள் இன்று உள்ளன. வகுப்பாசிரியரிடமும் நேரில் சென்று விளக்குங்கள். கோஹனின் பள்ளி வாழ்வு மாறுவதற்கு மேடையில் கேட்கப்பட்ட அச்சில வினாக்களே போதுமானவையாக இருந்தன.