பெயர்ப்பலகை இல்லாத தீவுகள்

மட்டக்களப்பின் பழைய நகர மையமான புளியந்தீவு, பெயருக்கேற்ப வாவிக்குள் கிடக்கும் தீவுதான். ஒல்லாந்தர் கோட்டை, பாடசாலைகள், கடைத்தெரு என எல்லாம் அதன்மேல் நெருங்கி நிற்பதாலும், பாலங்கள் கரையோடு இணைத்துவிட்டதாலும் அது தீவு என்பதே மறந்துபோயிற்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியில் இன்னும் பல சிறு தீவுகள் உண்டு. மாந்தீவு தொழுநோய் மருத்துவமனையால் அறியப்பட்டது. மற்றவை பெரும்பாலும் கண்டல் சூழ்ந்த சேற்றுத் திட்டுகள். தோணிக்காரர் தவிர வேறெவரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

கவனிக்காத இடம் கேட்பாரற்ற இடமாகிவிடுகிறது. திருகோணமலை நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே நுழைவுச்சீட்டும் காவலரும் பலகையும் உண்டு. வாவித் திட்டுகளில் பலகை இல்லை. ஆகவே சட்டமும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இலங்கைச் சட்டம் இடத்தை மட்டுமின்றி உயிரினத்தையும் பின்தொடர்கிறது.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காகம் போன்ற விலக்களிக்கப்பட்ட சில இனங்கள் நீங்கலாக எல்லாப் பறவைகளும் நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்டவை. கூழைக்கடா, நாரை, கொக்கு, நீர்க்காகம் எதையும் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கூட்டைக் கலைப்பதும் முட்டை எடுப்பதும் அப்படியே. குஞ்சைப் பிடித்து வீட்டில் வளர்ப்பவர் இரக்கத்தால் செய்தேன் என்றாலும் சட்டம் ஏற்காது. இலங்கையின் இருவகை முதலைகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

தீவுகளில் பறவைகளுக்கு வேடனைவிடப் பெரிய ஆபத்து தங்கூசி வலை. ஒற்றை இழை நைலோனால் ஆன இந்த வலை மலிவானது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாதது, எளிதில் உக்காதது. கிழிந்ததும் வெட்டி எறியப்படும் துண்டு கண்டல் வேரில் சுற்றிக் கிடக்கும். மீனைத் துரத்தி மூழ்கும் நீர்க்காகம் அதில் தலையை நுழைத்துவிட்டால், திமிறத் திமிற இழை இறகின் அடிவரை இறங்கும். அப்படிச் சிக்கிய பறவையை இழுக்கக் கூடாது. தலையைத் துணியால் மூடினால் அது அடங்கும். பிறகு கத்தரிக்கோலால் இழையைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்கலாம். காயம் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். தங்கூசி வலைகள் 2006 முதல் தடை செய்யப்பட்டவை. வெடிபொருளும் நஞ்சும் கொண்டு மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடுக்கிறது. தடை வலைக்குத்தான், தொழிலுக்கு இல்லை. வீச்சுவலையும் அத்தாங்கும் கொண்டு பிழைப்பவர்களே இந்தத் தடை நடைமுறையாக வேண்டுமென்று கேட்கவேண்டியவர்கள், ஏனெனில் தங்கூசியில் போவது அவர்களுடைய நாளைய இறாலும் மீனும்தான்.

முதலை விடயத்தில் மனிதருக்கும் ஆபத்து உண்டு. இறைச்சிக் கழிவும் கோழிக் கழிவும் கொட்டப்படும் கரைக்கு முதலை பழகிவிடும். பழகிய முதலை அதே துறையில் குளிப்பவரையும் வலை வீசுபவரையும் இரையாகவே பார்க்கும். அந்தியிலும் இரவிலும் இடுப்பளவு நீரில் நிற்பதே மிக ஆபத்தானது. தென்னிலங்கையில் மாத்தறை நில்வளா கங்கைக் கரைகளில் குளிக்கும் துறையைச் சுற்றி வேலி அடைப்பு அமைக்கிறார்கள். வாவிக் கரைக்கும் அது பொருந்தும். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயம் சிறிதானாலும் தொற்று கடுமையாக இருக்கும். காயத்துக்கோ உயிரிழப்புக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்திடம் நட்டஈடு கோரலாம். பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பத்திரம், மருத்துவ அறிக்கை மூன்றையும் முதல் வாரத்திலேயே எடுத்து வைப்பது நல்லது. பின்னர் தேடினால் அலைச்சல்தான்.

கண்டலை வெட்டி மண் நிரப்பிக் கரையை அகலமாக்குவது மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. முதலில் ஒரு உழவு இயந்திரப் பெட்டி இடிபாடு, பிறகு ஒரு வேலி, அடுத்த மாரிக்குள் ஒரு மதில். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் கடலோடு இணைந்த வாவிகளின் கரைக்கும் பொருந்தும். அதன் வலயத்துக்குள் அனுமதிப்பத்திரமின்றி அபிவிருத்தி வேலை செய்ய முடியாது. முறைப்பாட்டைப் பிரதேச செயலகத்துக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் எழுத்தில் கொடுக்கலாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் இலக்கம் 1981. திகதியிட்ட புகைப்படம் இணைத்தால் வழக்கு வலுக்கும்.

அனுமதி உண்டா என்று அலுவலகம் சொல்ல மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை; 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். கழிவு நாற்றம் போன்ற பொதுத்தொல்லைக்கு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்கீழ் நீதவான் அகற்றும் கட்டளை இடலாம். 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் ஊர்க்காரர்களே அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் சென்று, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை நிலைநாட்டினார்கள். அவ்வகை மனுவை மீறல் நடந்த ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.