இனாமாகக் கொடுத்ததை விற்றவர்கள்

கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டம் ஒன்றைப் பையன் விலை கொடுத்து வாங்குகிறான். ஆடி ஆடி அலுத்துப் போகிறது. உடனே அந்த ஆட்டத்துக்குள்ளேயே புதிய தெரு, புதிய கட்டடம், புதிய எதிரி என்று தானே சேர்க்கத் தொடங்குகிறான். இரவெல்லாம் கண் விழித்துச் செய்ததை, மற்றவர்களும் ஆடட்டும் என்று இனாமாகக் கொடுத்து விடுகிறான். இதற்கு ‘மாட்’ என்று பெயர். (நம் ஊர் மாடு அல்ல.) காசு கைமாறாத இந்தக் காரியத்தில் வழக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வந்தது, அமெரிக்காவில் அப்பீல் கோர்ட் வரை போயிற்று.

1996ல் வெளியானது ‘டியூக் நூகெம் 3டி’ என்ற துப்பாக்கி ஆட்டம். விற்ற கம்பெனி ஃபார்ம்ஜென். ஆட்டத்தோடு, புதிய கட்டங்களை அமைத்துக்கொள்ள ஒரு கருவியையும் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: அமைத்ததைப் பிறருக்கு இலவசமாகவே தர வேண்டும். ரசிகர்கள் அமைத்து இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். மைக்ரோ ஸ்டார் என்ற வேறொரு கம்பெனி அவற்றில் 300ஐ இறக்கி, ஒரே சி.டி.யில் அடைத்து, ‘நூக் இட்’ என்று பெயர் சூட்டிக் கடைக்கு அனுப்பி விட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கோர்ட்டில் மைக்ரோ ஸ்டார் சொன்ன வாதம் லேசானதல்ல. ரிசர்வேஷன் சார்ட்டில் எந்த பெர்த்தில் யார் என்று இருக்கும். ரயில் பெட்டி அதில் இல்லை, பயணியும் இல்லை. அதுபோல் ரசிகர் அமைத்த ஃபைலில் எந்தப் படத்தை எங்கே வைப்பது என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது; படங்கள் எல்லாம் ஃபார்ம்ஜென் விற்ற ஆட்டத்திலிருந்தே வருகின்றன; ஆகவே நாங்கள் எதையும் நகல் எடுக்கவில்லை என்றது. கீழ்க் கோர்ட் இதை ஏற்றது. அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட ஆட்டக் காட்சிகளை மட்டும் தவறு என்றது.

1998ல் அப்பீல் கோர்ட் அதைத் திருப்பிப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி. புதிய கட்டங்கள் டியூக்கின் கதைக்குத் தொடர்ச்சி. தொடர்ச்சி எழுதும் உரிமை மூலத்துக்கு உரியவருக்கே என்றார். இலவசமாகப் பகிர அனுமதித்ததால் விற்கும் உரிமையையும் கம்பெனி விட்டுக் கொடுத்ததாகாது என்றும் சொன்னார். நியாயமான தீர்ப்புதான். ஆனால் வழக்கில் இரு பக்கமும் கம்பெனிகள். கண் விழித்த ரசிகர்கள் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல.

அதற்காக இனாமாகக் கொடுப்பவன் தப்பித்தான் என்று நினைத்து விடக்கூடாது. நின்டென்டோவின் பழைய ‘மெட்ராய்ட் 2’ ஆட்டத்தை ரசிகர் ஒருவர் பல வருஷம் உழைத்துப் புதிதாகச் செய்து, 2016 ஆகஸ்டில் காசு வாங்காமல் வெளியிட்டார். சில நாளிலேயே நின்டென்டோவின் நோட்டீஸ் வந்து, இறக்கும் வழி அடைபட்டது.

அதிர்ஷ்டம் அடித்தவர்களும் உண்டு. ‘ஹாஃப்-லைஃப்’ ஆட்டத்தின் மேல் இரண்டு இளைஞர்கள் 1999ல் கட்டிய மாட்தான் ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்’. மூல ஆட்டத்தின் சொந்தக்காரரான வால்வ் கம்பெனி 2000ல் அதை வாங்கி, அவர்களுக்கு வேலையும் கொடுத்தது.

அதே வால்வ் 2015 ஏப்ரலில் ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தின் மாட்களை விலைக்கு விற்க வழி செய்தது. செய்தவனுக்கு நூற்றுக்கு 25. மீதி வால்வுக்கும், ஆட்டத்தின் உரிமையாளர் பெதெஸ்டாவுக்கும். ரசிகர்கள் கொதித்தார்கள். பங்கு குறைவு என்பது மட்டுமல்ல காரணம். ஒருவர் மாட் இன்னொருவரின் இலவச மாட்டைத் தாங்கி நிற்கும். மீன் பிடிக்கும் மாட் ஒன்று, பிறர் செய்ததைச் சேர்த்திருந்ததால் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு வாரம் முடியுமுன் திட்டமே கைவிடப்பட்டு, பணம் திருப்பித் தரப்பட்டது.

நம் நாட்டிலும் 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 1984 திருத்தத்தால் கம்ப்யூட்டர் புரோகிராமை நூலைப் போலவே இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. மாற்றி அமைக்கும் உரிமையும் உரிமையாளரிடமே. வீட்டில் பிள்ளை மாட் செய்கிறான் என்றால், ‘சம்மதம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்கும் அந்த நீளமான ஒப்பந்தத்தை ஒருமுறை படிக்கச் சொல்லலாம். விற்கலாமா, கூடாதா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இன்னொருவர் மாட்டிலிருந்து எடுப்பதானால் அவரையும் கேட்க வேண்டும்.