ஸ்டோமா மூடப்பட்ட பின்: குடல் தன் பழக்கத்தை மீண்டும் கற்கும் காலம்

இலியோஸ்டமியை மூடுவதற்கு நாள் குறித்தவுடன் எங்கள் புறநோயாளர் பிரிவில் தோன்றும் முகமலர்ச்சியை வேறெந்த அறுவை சிகிச்சையின்போதும் நாங்கள் கண்டதில்லை. கடைசிப் பையைக் கழற்றும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்போர் உண்டு. வார்டு முழுவதற்கும் இனிப்பு வழங்கியோரும் உண்டு. அவர்களே வீடு திரும்பிய பத்தாம் நாள் தொலைபேசியில் அழைத்து, குரலைத் தாழ்த்தி, "நேற்று மட்டும் 14 முறை போனேன், சிஸ்டர். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா?" என்று கேட்கின்றனர்.

அறுவை சிகிச்சை சரியாகவே நடந்திருக்கிறது. இவ்வாறு நேரக்கூடும் என்பதை முன்னதாகவே விளங்க எடுத்துரைக்காத குறைதான் எங்களுடையது. "பை போய்விடும், பழையபடி ஆகிவிடுவீர்கள்" என்று ஒரு காலத்தில் நாங்களும் எளிதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். இப்போது அவ்வாறு சொல்வதில்லை.

தற்காலிக இலியோஸ்டமி எல்லோருக்கும் ஒரே காரணத்தால் அமைக்கப்படுவதன்று. டைஃபாய்டு காய்ச்சலால் சிறுகுடலில் துளை விழுந்தவர்களுக்கும் விபத்தில் குடல் காயமுற்றவர்களுக்கும் அது உயிர்காக்கும் வழியாக அமைகிறது. இவர்களுக்கு மலக்குடல் முழுமையாக இருப்பதால், மூடிய பின் சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும். மலக்குடல் புற்றுநோய்க்காக அப்பகுதி நீக்கப்பட்டு, மேலுள்ள பெருங்குடல் ஆசனவாய்க்கு அருகே கொண்டுவந்து இணைக்கப்பட்டவர்களின் நிலை வேறு. தாழ்வான அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அதன் வழியே செல்லாதிருக்கவே ஸ்டோமா வைக்கப்பட்டது. இணைப்பு நன்கு ஆறியிருப்பதைப் பரிசோதித்து உறுதிசெய்த பின்னரே அதை மூடுகிறோம். பொதுவாக 8 முதல் 12 வாரங்களில் மூட இயலும். கீமோதெரபி இடையில் வந்தால் பல மாதங்கள் தள்ளிப்போகும். இக்கட்டுரை பெரிதும் இவர்களுக்கானது.

மூடும் அறுவை சிகிச்சை முதல் அறுவையைப் போலப் பெரிதன்று. பெரும்பாலானோர் சில நாட்களில் வீடு திரும்புகின்றனர். முதலில் வாயு பிரியும். பிறகு நீர்த்த மலம் போகும். சிலருக்குக் குடல் இயங்கத் தாமதித்து, வயிறு உப்பி, வாந்தி வரலாம். அப்போது உணவை நிறுத்திக் குடலுக்கு ஓய்வளிப்போம். அடுத்த படுக்கைக்காரர் இட்லி சாப்பிடுவதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

உண்மையான சோதனை வீட்டில் தொடங்குகிறது. அதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும். மலக்குடல் வெறும் குழாயன்று. அது ஒரு சேமிப்பறை. மலம் வந்து சேரும்போது விரிந்துகொடுத்து, "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நமக்கு அவகாசம் தருவது அதுவே. அது நீக்கப்பட்டபின் அவ்விடத்தில் இருக்கும் பெருங்குடலுக்கு அவ்வாறு விரியும் பழக்கம் இல்லை. சிறிதளவு வந்தாலும் வெளியே தள்ள முயலும். வந்திருப்பது வாயுவா, நீரா, கட்டி மலமா என்று பிரித்தறியும் நுண்ணுணர்வும் மங்கியிருக்கும். கதிரியக்கச் சிகிச்சை பெற்றிருந்தால் திசுக்கள் மேலும் இறுகியிருக்கும். போதாக்குறைக்கு, பெருங்குடல் பல மாதங்கள் வேலையின்றிக் கிடந்திருக்கிறது. நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர்மம் சிறுகுடலிலிருந்து அதற்குள் வரும். அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வது அதன் கடமை. அந்தக் கடமையை அது மீண்டும் பழக வேண்டும்.

இதனால் விளைவனவற்றை நோயாளிகளே எங்களுக்கு நன்கு விவரிக்கின்றனர். அடக்க இயலாத அவசரம். வாயு என்று நினைத்து விட, உடையில் கறை. ஒரு முறை போய்க் கை கழுவித் திரும்புவதற்குள் மறுமுறை, அதன்பின் மீண்டும். இரண்டு நாட்கள் ஒன்றுமே போகாமல் மூன்றாம் நாள் முழுவதும் கழிப்பறையிலேயே கழிவதும் உண்டு. இத்தொகுப்புக்கு மருத்துவ உலகில் 'லார்ஸ்' என்று பெயர். டென்மார்க் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோலால் இதை மதிப்பிடுகிறோம். 0 முதல் 42 வரை மதிப்பெண். 20 வரை இருந்தால் தொல்லை இல்லை எனவும், 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையானது எனவும் கொள்வர். தேர்வு மதிப்பெண் போலன்றி, இதில் குறைவாகப் பெறுவதே நன்று.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த பேருந்து நடத்துநர் ஒருவரின் மதிப்பெண் மூன்றாம் மாதத்தில் 37. "பழைய பையையே திரும்ப வைத்துவிடுங்கள், சிஸ்டர். பையோடு எட்டு மணி நேரம் வண்டியில் நின்றிருக்கிறேன். இப்போது தெருமுனைக் கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது" என்றார். அவர் கோபத்தில் பேசவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துப் பேசினார். அதனாலேயே எங்களால் எளிதில் மறுமொழி கூற இயலவில்லை.

அவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தோம். உண்டது என்ன, எத்தனை மணிக்கு, அதன்பின் எப்போது போனார் என்று இரண்டு வாரம் எழுதிவந்தார். டிக்கெட் கணக்கு எழுதிய கை. ஒரு வரிகூட விடுபடவில்லை. இரவு பத்து மணிக்கு உண்ட உணவும் விடியற்காலைக் காபியும் எழுத்திலேயே அகப்பட்டன. வயிற்றில் உணவு விழுந்தவுடன் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் இயல்பு. சேமிப்பறை இல்லாதவருக்கு அச்சுருக்கம் அப்படியே அவசரமாகிவிடும். இரவு உணவை ஏழு மணிக்கு மாற்றினோம். காபியைச் சில மாதங்கள் நிறுத்தினார். இதற்குத்தான் அதிகம் வருந்தினார். இசப்கோல் உமியை ஒரு தம்ளர் நீரில் கலந்து அருந்தியதால் மலம் திரண்டது. உணவுக்கு அரை மணி நேரம் முன்பு லோபிரமைடு மாத்திரையும் கொடுக்கப்பட்டது. இம்மாத்திரை குடலின் ஓட்டத்தைத் தணித்து நீரை உறிஞ்ச அவகாசம் தருவது. அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். காய்ச்சல், மலத்தில் இரத்தம், வயிற்று உப்புசம் ஆகியவை இருக்கும்போது அதை உட்கொள்ளலாகாது.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை எங்கள் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாய்த் தசையை உள்ளிழுத்துச் சில நொடிகள் பிடித்து, பின் முழுமையாகத் தளர்த்துவதே அது. மூச்சை அடக்கலாகாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாகாது. தளர்த்துவதும் பயிற்சியே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆறாம் மாதத்தில் நாளொன்றுக்கு ஐந்து முறை என்ற நிலைக்கு வந்தார். பதினோராம் மாதத்தில் பணிக்குத் திரும்பினார். தொலைதூர வண்டிக்கு அல்ல, கழிப்பறை எங்கெங்கே உண்டு என்று அவர் அறிந்த நகரப் பேருந்துத் தடத்துக்கு. மாற்று உடை ஒன்று இன்றும் அவர் பையில் இருக்கிறது. பழைய நிலை முழுமையாக வந்துவிட்டதாக அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லமாட்டோம். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆண்டிலும், சிறிதளவு அதற்கு அடுத்த ஆண்டிலும் நிகழ்கிறது. அதன்பின்னும் தொல்லை நீடிப்போருக்கு ஆசனவாய் வழியே நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை உள்ளிட்ட வேறு வழிகள் உண்டு. மிகச் சிலர் நன்கு எண்ணிப் பார்த்து நிரந்தர ஸ்டோமாவைத் தேர்ந்துகொள்கின்றனர். அதைத் தோல்வி என்று சுற்றத்தார் பேசுவதை நாங்கள் ஏற்பதில்லை.

உணவைப் பற்றியே மிகுதியாகக் கேட்கப்படுவதால் அதையும் சொல்லிவிடுகிறோம். முதல் சில வாரங்களுக்குக் குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், தயிர், பழுத்த வாழைப்பழம், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, மீன், முட்டை ஆகியவை பொருந்தும். கீரை, மக்காச்சோளம், பலாச்சுளை, தேங்காய்த் துண்டு முதலியவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். மிளகாயின் காரம் உள்ளே போகும்போது மட்டுமன்றி வெளியே வரும்போதும் எரிக்கும். மலம் போகும் என்று அஞ்சிப் பட்டினி கிடப்பதும் நீர் அருந்தாதிருப்பதும் பெருந்தவறு. பேதி மிகுந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் அருந்துங்கள்.

அடிக்கடி போவதால் ஆசனவாயைச் சுற்றித் தோல் புண்ணாகும். தண்ணீர் கொண்டு கழுவும் நம் வழக்கம் இங்கே பெருநன்மை. வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்ஸைடு களிம்பைப் பூசுங்கள். பழைய வேட்டித் துணியைவிடச் சிறந்ததை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

வாந்தியோடு வயிறு உப்பி வாயுவும் பிரியாதிருத்தல், காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ் வடிதல், மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைந்து தலைசுற்றுதல் ஆகியவற்றுள் எதுவாயினும் அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று காத்திராமல் அன்றே வந்துவிடுங்கள்.

இனி, குடும்பத்தாருக்கு. நோயாளி திருமணத்துக்கு வர மறுத்தால் அது பிடிவாதமன்று; மண்டபத்தில் கழிப்பறை எங்கே என்று அவருக்குத் தெரியாது. முன்பே விசாரித்துச் சொல்லுங்கள். ஓரத்து இருக்கையில் அமரச் செய்யுங்கள். "எத்தனை முறை போனீர்கள்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். ஒரே கழிப்பறை உள்ள வீடுகளில் காலை நேரம் பெரும் போராட்டமாகிவிடுகிறது. அந்த நடத்துநரின் மகள், பள்ளி மாணவி, "6 முதல் 7 வரை அப்பாவுக்கு" என்று எழுதிக் கதவில் ஒட்டிவைத்தாள். முதலில் கூசியவர் பிறகு அந்தச் சீட்டைக் கிழிக்க விடவில்லை. தற்போது அது "6 முதல் 6.30 வரை" என்று திருத்தப்பட்டிருப்பதாகச் சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது கூறினார்.