காரை மண்ணிலிருந்து ஒரு தூரிகை

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்னும் சிற்றூரை அடுத்து, மழைநீர் ஆண்டாண்டாக அரித்து அரித்து எண்ணற்ற முகடுகளாகவும் ஓடைகளாகவும் வகிர்ந்துவிட்ட களிமண் வெளி ஒன்று பரந்து கிடக்கிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது. சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளும், கூர்முனைக் குச்சிகள் வடிவில் பெலம்னைட்டுகளும் அங்கே கல்லாகி உறைந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்போர்டு, ஸ்டோலிஸ்கா முதலிய அறிஞர்கள் இப்பிரதேசத்தை ஆராய்ந்து எழுதியதன் பயனாக, அரியலூர் என்ற பெயர் உலகத்துப் புவியியல் நூல்களில் நிலைபெற்றது. இத்தகைய நிலத்தைக் கணினித் திரையில் ஓவியமாகத் தீட்ட விரும்பும் இளைஞர் ஒருவர், மென்பொருளோடு வந்த வழவழப்பான வட்டப் பிரஷை எடுத்து அந்த முகடுகளை வரைவாரானால், உருவம் சரியாகவே அமையும், வர்ணமும் பொருந்தும், ஆனால் காலில் குத்தும் அந்த வறண்ட மண்ணின் ஸ்பரிசம் மட்டும் படத்தில் வராது. அந்தக் குறையை நீக்கும் வழி அவர் காலடியிலேயே இருக்கிறது என்பதையும், தமக்கு வேண்டிய தூரிகையைத் தாமே செய்துகொள்வது எவருக்கும் எட்டாத வித்தையன்று என்பதையும் விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணினித் தூரிகைக்கு மயிரும் இல்லை, காம்பும் இல்லை. அதன் ஆதாரம் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் படம். அதை முத்திரை என்று வைத்துக்கொள்வோம். சேலையில் பூப்போடுகிறவர் அச்சுக்கட்டையை ஓரிடத்தில் பதித்து, எடுத்து, சற்றுத் தள்ளி மறுபடியும் பதிப்பதைப் போலவே, பேனா செல்லும் பாதை நெடுகிலும் மென்பொருள் அந்த முத்திரையைப் பதித்துக்கொண்டே போகிறது. பதிவுகள் மிக நெருக்கமாக விழுவதனால் நம் கண்ணுக்கு அவை தனித்தனியாகத் தெரியாமல் ஒரே கோடாகத் தெரிகின்றன. முத்திரையில் கறுப்பாக உள்ள இடத்தில் வர்ணம் முழுமையாகப் படியும். வெள்ளை இடத்தில் சிறிதும் படியாது. இடைப்பட்ட சாம்பல் நிறங்களில் அதனதன் அளவுக்கு ஏற்பப் படியும்.

இந்த எண்ணத்துக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்டு ஷூப் என்பவர் 1973இல் சூப்பர்பெயிண்ட் என்ற சாதனத்தை இயக்கிக் காட்டினார். 1986இல் ஸ்டீவ் ஸ்ட்ராஸ்மன் என்பவர், தூரிகையின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியே கணக்கிட்டு, மை வற்ற வற்றக் கோடு பிளவுபடுவதைக் கணினியில் கொண்டுவரும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். காகிதத்தின் சொரசொரப்பையும் கரியின் தூளையும் திரையில் தோற்றுவித்த பெயிண்டர் என்ற மென்பொருள் 1991இல் விற்பனைக்கு வந்தது. 2002இல் வெளிவந்த போட்டோஷாப் 7இல் தூரிகையின் குணங்களை ஒவ்வொன்றாக மாற்றியமைக்கும் பலகை ஏற்பட்டது. அன்றுமுதல் சித்திரக்காரர்கள் தாமே பிரஷ் செய்வதும், செய்ததைப் பிறருக்குக் கொடுப்பதும் பெருவழக்காயின.

நிற்க, முத்திரைக்கு மூலம் தேடிப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போவோம். ஓடைப் படுகையொன்றில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரம் அவ்வூரின் பெருமை. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அதை முதன்முதலாகக் கவனித்து அறிவித்தார். இன்று அவ்விடம் தேசியக் கல்மரப் பூங்கா என்ற பெயரில் காக்கப்படுகிறது. அந்த மரத்தின் மேற்பரப்பே ஒரு சிறந்த முத்திரைக்கு மூலம். நார்வரிகள் நெடுக்கே ஓட, வெடிப்புகள் குறுக்கே வெட்ட, மரமா கல்லா என்று கண் தயங்கும் அந்தத் தோற்றத்தைக் கைபேசியில் படமெடுப்பதற்கு உரிய வேளை, வெயில் சாய்வாக விழுந்து நீண்ட நிழல்களை உண்டாக்கும் மாலையன்று. மேகம் மூடிய பொழுதே உத்தமமானது. நிழல் ஒரு பக்கமாக விழுந்த படத்தைத் தூரிகையாக்கினால், எந்த ஓவியத்தில் எத்திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் அந்த நிழல் மாத்திரம் ஒரே பக்கமாக நின்று படத்தைப் பொய்யாக்கும். கைபேசியையும் பரப்புக்கு நேராகப் பிடித்தல் வேண்டும். படமெடுப்பதே நமக்குப் போதும். சாத்தனூரிலாயினும் காரையிலாயினும் ஒரு சில்லைக்கூடப் பெயர்த்தெடுக்கும் எண்ணம் எவருக்கும் வரலாகாது.

எடுத்த படத்தின் நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கி, லெவல்ஸ் என்ற கருவியால் கருமையை மேலும் கருமையாகவும் வெண்மையை மேலும் வெண்மையாகவும் விலக்க வேண்டும். வர்ணம் படிய வேண்டிய வரிகள் கறுப்பாகவும், வெடிப்புகள் வெள்ளையாகவும் இருக்கட்டும். மாறாக அமைந்திருந்தால் இன்வெர்ட் செய்துகொள்ளலாம். பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். படத்தின் நான்கு ஓரங்களும் வெள்ளையில் கரைந்து மறைய வேண்டும். இல்லையேல் தூரிகையை ஓட்டும்போதெல்லாம் சதுரத்தின் விளிம்பு கோடுகோடாக எழும். அந்தக் கரைதலும் வட்டமாக இராமல் கோணல்மாணலாக இருப்பதே நன்று. அன்றியும், கண்ணை ஈர்க்கும்படியான விசேஷமான வெடிப்போ புள்ளியோ முத்திரைக்குள் தனித்து நிற்குமானால் அதை ஈவிரக்கமின்றி அழித்துவிட வேண்டும். ஓரிடத்தில் அழகாகத் தோன்றும் அந்த வெடிப்பு, நூறு இடங்களில் அப்படியே திரும்பி வரும்போது, இது இயந்திரத்தின் வேலை என்று பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

முத்திரை ஆயிற்று; தூரிகை இன்னும் ஆகவில்லை. முத்திரையின் அழகில் மயங்கிக் குணங்களை அமைக்காமல் விடுகிறவர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஸ்பேசிங், அதாவது ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் உள்ள இடைவெளி. போட்டோஷாப்பில் அது முத்திரையின் குறுக்களவில் 25 சதவிகிதம் என்று தொடக்கத்தில் அமைந்திருக்கும். மரப்பட்டை போன்ற முத்திரைக்கு அந்த நெருக்கம் ஆகாது. பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நுட்பமெல்லாம் சேறாகிவிடும். இடைவெளியை விரித்து, ஒவ்வொரு பதிவும் சற்றே சுழன்றும் சற்றே சிறுத்தும் பெருத்தும் விழும்படி ஜிட்டர் என்ற குணத்தைச் சேர்த்தால், இயற்கையின் ஒழுங்கின்மை உண்டாகிறது. கல்மரத்தின் நார்வரிகளுக்கோ சுழற்சி கூடாது. பேனா செல்லும் திசையையே முத்திரையும் நோக்குமாறு அமைத்தால், வளைந்த கிளையில் வரிகளும் வளைந்து தொடரும்.

ஒபாசிட்டி, ஃப்ளோ என்ற இரண்டும் புதியவர்களைக் குழப்புகிறவை. ஒவ்வொரு பதிவிலும் எவ்வளவு வர்ணம் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது ஃப்ளோ. பேனாவைத் தூக்காமல் எத்தனை முறை தேய்த்தாலும் அந்த ஒரே வீச்சு தாண்டக்கூடாத உச்ச வரம்பு ஒபாசிட்டி. காரையின் களிமண் முகடுகளைத் தீட்டுவதற்கு ஃப்ளோவைக் குறைத்து ஒபாசிட்டியை முழுமையாக விட்டால், தேய்க்கத் தேய்க்க மண் அடுக்கடுக்காகச் சேர்வது போன்ற தோற்றம் கிடைக்கும். மெல்லிய புழுதிப் படலத்துக்கோ ஒபாசிட்டியைக் குறைப்பதே தக்கது.

இவ்வளவுக்கும் மேலாகத் தூரிகைக்கு ஜீவன் தருவது கையின் அழுத்தம். இன்றைய பேனா டேப்லெட்டுகளில் பல 8192 படிகளில் அழுத்தத்தைப் பகுத்தறிகின்றன. ஜப்பானில் 1983இல் தோன்றிய வாக்கம் நிறுவனத்தின் பேனாக்களுக்கு மின்கலமும் வேண்டுவதில்லை. பலகைக்கு அடியிலுள்ள கம்பிச் சுருள்கள் உண்டாக்கும் காந்தப் புலமே அவற்றுக்குச் சக்தி அளிக்கிறது. ஆனால் படிகள் எத்தனை இருப்பினும், அழுத்தத்தை எதனோடு இணைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஓவியரே. அதை அளவோடு இணைத்தால் கோடு தடிக்கும். ஃப்ளோவோடு இணைத்தால் வர்ணம் செறியும். முத்திரையின் சொரசொரப்போடு இணைத்தால் மெல்லத் தொடும்போது மேடுகளில் மட்டும் படிந்த வர்ணம், அழுத்தும்போது பள்ளங்களையும் நிரப்பும். எல்லாவற்றையும் ஒருங்கே இணைத்தல் தவறு. இரண்டு குணங்களுக்கு மேல் அழுத்தத்தின் ஆளுகையில் விட்டால் கை எதை ஆள்கிறது என்பதே ஓவியருக்குத் தெரியாமல் போகும். கனத்த கையுடையவர்கள் அழுத்த வளைகோட்டைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டால், இயல்பாக வரையும்போதே கோடு முழுத் தடிப்பை எட்டிவிடுகிற தொல்லை தீரும்.

இலைகளைத் தீட்டுவதில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் என்னை வருத்துகிறது. போட்டோஷாப்பில் நெடுங்காலமாகக் கூடவே வரும் தூரிகைகளுள் ஒன்று மேப்பிள் இலைகளை வாரி இறைக்கும். கானடாவின் கொடியில் உள்ள அந்த இலையை ஜெயங்கொண்டத்துச் செம்மண்ணில் உதிர்ந்து கிடப்பதாகத் தீட்டிய படத்தை நான் கண்டிருக்கிறேன். அவ்வட்டாரத்துக்கு உரியது முந்திரியன்றோ? அதன் இலை தடித்தது. காம்புப் பக்கம் குறுகி நுனிப் பக்கம் அகன்று உருண்டிருப்பது. கிளையெங்கும் பரவாமல் கொப்பின் முனையில் கொத்தாகக் கூடுவது. முந்திரி இலைக்குத் தூரிகை செய்ய, ஒரே இலையைப் படமெடுத்தால் போதாது. நேராகத் தெரியும் இலை ஒன்று, பக்கவாட்டில் மடிந்தது ஒன்று, நமக்கு எதிராகத் திரும்பி விளிம்பு மட்டும் தெரிவது ஒன்று, பூச்சி அரித்தது ஒன்று என நான்கைந்தை எடுத்து, ஒரே தூரிகைக்குள் வரிசையாக வைக்க வேண்டும். கிம்ப், கிரிட்டா ஆகிய மென்பொருள்கள் அவற்றை மாற்றி மாற்றிப் பதிக்கும் வசதி உடையவை. அப்படிச் செய்தும் மரம் முழுவதையும் அத்தூரிகையால் நிரப்பலாகாது. பெரும் பரப்பைச் சாதாரண அகலப் பிரஷால் நிழலும் ஒளியுமாகப் பிரித்து முடித்தபின், ஒளி விழும் விளிம்புகளிலும் வானத்தை ஒட்டிய ஓரங்களிலும் மாத்திரம் இலைத் தூரிகையைத் தொட்டால் போதும். மற்றதைப் பார்ப்பவர் கண்ணே நிறைவுசெய்துகொள்ளும்.

படமெடுக்காமலும் முத்திரை செய்யலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழைய மட்டையை மையில் தோய்த்து, பழைய நாளிதழில் ஒற்றி ஈரத்தைப் போக்கி, வெள்ளைத் தாளில் இழுத்தால், நடுநடுவே தாளின் வெண்மை கீற்றுக்கீற்றாகத் தெரியும் வறண்ட கோடு கிடைக்கும். அதை ஸ்கேன் செய்து முத்திரையாக்கினால், கடையில் விலைகொடுத்து வாங்கும் எந்த வறள் தூரிகைக்கும் அது சளைத்ததாக இராது. அரும்பாவூர் மரச்சிற்பிகளின் வேலையிலும் இதற்கு இடமுண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களுடைய சிற்பங்கள், தேய்த்து மெருகேற்றப்படும் முன் உளி பட்ட தடங்களைத் தாங்கி நிற்கும். அந்தத் தடங்களை அவர்கள் சம்மதத்தோடு படமெடுத்தால், செதுக்கிய மரத்தின் பரப்பைத் திரையில் கொணர அதைவிடப் பொருத்தமான மூலம் கிடையாது.

இனித் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. இணையத்தில் தூரிகைகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. கைல் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஓவியரின் தூரிகைத் தொகுதிகளை அடோபி நிறுவனம் 2017இல் வாங்கித் தன் சந்தாதாரர்களுக்கு அளித்தது. பிரான்ஸ் தேசத்து டேவிட் ரெவோய் தம் தூரிகைகளை எவரும் பயன்படுத்தும்படி தாராளமாகப் பகிர்ந்து வருகிறார். இவற்றைத் தரவிறக்கிப் பரீட்சித்துப் பார்ப்பதில் பெரும் பயன் உண்டு. ஆயினும் அந்தப் பயன் அவற்றைப் பிரித்து, உள்ளே எந்தக் குணம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கற்பதிலேயே அடங்கியிருக்கிறது. அப்பியாசத்துக்கு ஆறேழு தூரிகைகள் போதும்: கோடு இழுக்க ஒன்று, பரப்பை நிரப்ப ஒன்று, வர்ணங்களைக் குழைக்க ஒன்று, விளிம்பைக் கரைக்க ஒன்று, எஞ்சியவை பொருளின் ஸ்பரிசத்துக்கு. புதிய தூரிகையொன்றைச் சோதிக்க எளிய வழி, அதைக் கொண்டு வர்ணமில்லாமல் ஓர் உருண்டையையும் ஒரு கனசதுரத்தையும் நிழலிட்டுப் பார்ப்பதே. அவ்விரண்டுக்கும் ஒத்துழைக்காத தூரிகை, அலங்காரத்துக்கு உதவலாமேயன்றி அன்றாட வேலைக்கு உதவாது.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளிவந்தபோது மணியம் தீட்டிய பழுவேட்டரையரை நினைத்துப் பாருங்கள். இன்று அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என வழங்கும் ஊர்களுக்குரிய அந்தச் சிற்றரசரை, வாசகர்கள் நேரில் கண்டதுபோல் மனத்தில் இருத்திக்கொண்டதற்குக் காரணம் உருவத்தின் மீது மணியத்துக்கு இருந்த ஆட்சி. அந்த ஆட்சி இல்லாதவருக்குத் தூரிகை எதுவும் கைகொடுக்காது. ஆனால் அது உள்ளவருக்கு, கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அநுக்கிரக மூர்த்தியைத் தீட்டும்போது, பல நூற்றாண்டு மழையும் வெயிலும் பட்ட கருங்கல்லின் சொரசொரப்பு தன் கையால் செய்த தூரிகையிலிருந்து இறங்குமானால், அது எத்தகைய துணையாக இருக்கும்!

பணச் செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. கிரிட்டா, கிம்ப், மைபெயிண்ட் மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற இயந்திரத்தை இன்னும் பேணி வைத்திருப்பவர்கள், அவற்றின் பழைய பதிப்புகளை முயன்று பார்க்கலாம். நினைவகம் குறைந்த அத்தகைய கணினிகளில் முத்திரையின் அகலம் ஐந்நூறு பிக்சலைத் தாண்டாதிருப்பது நல்லது. அதற்கு மேற்போனால் பேனா ஓடிய பிறகு கோடு தயங்கித் தயங்கிப் பின்னால் வரும். ஸ்பேசிங்கைச் சற்று விரித்தாலும் கணினியின் பளு குறையும்.

செய்த தூரிகையைப் பத்திரப்படுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. போட்டோஷாப்பின் ஏபிஆர் கோப்பும், புரோகிரியேட்டின் பிரஷ்செட் கோப்பும், கிரிட்டாவின் கேபிபி கோப்பும் வெவ்வேறு வகையின. ஒன்றில் அமைத்த குணங்கள் மற்றொன்றுக்கு முழுமையாகச் செல்வதில்லை. ஆகையால் முத்திரைப் படத்தைப் பிஎன்ஜி வடிவில் தனியே சேமித்து, எந்த இடத்தில் எந்த வெளிச்சத்தில் எடுத்தது, இடைவெளி எவ்வளவு, அழுத்தத்தை எதனோடு இணைத்தது என்னும் விவரங்களையும் அதனருகே தமிழில் குறித்து வைக்க வேண்டும். மென்பொருள் மாறினாலும், அந்தப் படமும் குறிப்பும் கையில் இருப்பவர் சிறிது நேரத்தில் தூரிகையை மறுபடியும் அமைத்துக்கொள்ளலாம். நண்பர் கேட்டால் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கவும் செய்யலாம்.