நட்டு கழலவில்லை!

யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் 'நட்டு கழண்ட கேஸ்' என்று ஒதுக்கிவிடுகிறோம். எங்கேயாவது ஏதாவது இடிந்து விழுந்தாலும் முதல் சந்தேகம் அதுதான். "எவனோ ஒரு நட்டை சரியா முடுக்கலை, ஸார்!"

இது நட்டு கழலாத கதை. கடைசி வரை அது மரையில் கெட்டியாகத்தான் உட்கார்ந்திருந்தது. இருந்தும் 114 பேர் செத்துப் போனார்கள்.

இடம், அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தில் கன்ஸாஸ் சிட்டி. அங்கே ஹயாட் ரீஜன்ஸி என்று 40 மாடி ஹோட்டல். திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை சாயங்காலம். லாபியில் பாண்டு வாத்தியம், டான்ஸ், சுமார் 1,600 பேர் கூட்டம்.

லாபிக்கு மேலே அந்தரத்தில் மூன்று நடைபாலங்கள். நாலாவது தளத்தில் ஒன்று, அதற்கு நேர் கீழே இரண்டாவது தளத்தில் ஒன்று. மூன்றாவது தளத்துப் பாலம் கொஞ்சம் தள்ளித் தனியாக இருந்தது. தூண் கிடையாது. கூரையிலிருந்து இரும்புத் தடிகளைத் தொங்கவிட்டு, அதில் பாலத்தை மாட்டியிருந்தார்கள். பார்க்க ரொம்ப அழகு. ஒவ்வொன்றும் சுமார் 29 டன்.

மணி 7.05. நாலாவது தளத்துப் பாலம் பிய்த்துக்கொண்டு, கீழே இருந்த இரண்டாவது தளத்துப் பாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் சாவு. 200 பேருக்கு மேல் காயம்.

'பாலத்தில் ஏறி ஆடியிருப்பார்கள்' என்று தோன்றுகிறதா? ஆடியவர்கள் கீழே. மேலே இரண்டு பாலங்களிலும் சேர்த்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது அறுபது சொச்சம் பேர். மட்டமான இரும்பா? அதுவும் இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு துருவித் துருவி ஆராய்ந்து 1982-ல் அறிக்கை கொடுத்தது. இரும்பிலும் வேலைப்பாட்டிலும் பெரிய குறை ஒன்றுமில்லை.

பின்னே எதில்தான் கோளாறு?

ஃபுட்போர்டு பாடம்

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

உங்கள் கால் வைக்க இடமில்லை. மேலே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருத்தர் ஓடி வந்து அதே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார். கம்பிக்கு இரண்டு ஆள் பளு. ஆனால் உங்கள் விரல்களுக்கு உங்கள் பளு மட்டும்தான். சமாளிக்கலாம்.

அவர் கம்பியை விட்டுவிட்டு உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினால்? கம்பிக்கு அதே இரண்டு ஆள்தான். அது கவலைப்படாது. உங்கள் விரல்களுக்குத்தான் திடீரென்று இரட்டை பளு!

ஹோட்டலில் நடந்தது இதேதான். முதலில் போட்ட வரைபடத்தில், கூரையிலிருந்து ஒரே நீளத் தடி. நாலாவது தளத்தில் ஒரு நட்டு, அதில் மேல் பாலம். அதே தடியின் கீழ் நுனியில் இன்னொரு நட்டு, அதில் கீழ்ப் பாலம். அவரவர் பளு அவரவருக்கு.

இதில் ஒரு சங்கடம். நாலாவது தளம் வரை நட்டு ஏற வேண்டுமானால் கீழேயிருந்து அவ்வளவு நீளத்துக்கும் மரை வெட்ட வேண்டும். தூக்கி மாட்டும்போது மரை நசுங்கும். இரும்பு வேலை செய்த கம்பெனி சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தது. ஒரு தடிக்குப் பதில் இரண்டு தடி. கூரையிலிருந்து நாலாவது தளம் வரை ஒன்று. நாலாவது தளத்து உத்தரத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று.

மேல் பாலத்தின் இடுப்பைக் கீழ்ப் பாலம் கட்டிக்கொண்டது. நாலாவது தளத்து நட்டுகளுக்கு இரண்டு பாலத்தின் பளு!

பளு எவ்வளவு என்பதைப் போல, அது எவ்வளவு இடத்தில் உட்காருகிறது என்பதும் முக்கியம். தட்டைச் செருப்பில் மிதித்தால் 'ஸாரி' போதும். அதே ஆள் கூரான குதிகால் செருப்பில் மிதித்தால் உயிர் போகிறது. பளு அதேதான், பரப்பு குறைந்துவிட்டது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் முதல் வாரமே 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லித் தருவது இதைத்தான்.

அந்த உத்தரம், 'சி' வடிவச் சட்டங்கள் இரண்டை எதிரெதிரே வைத்து வெல்டு பண்ணிய பெட்டி. வெல்டு ஓடிய கோட்டிலேயே துளை போட்டுத் தடியை இறக்கியிருந்தார்கள். அடியில் ஒரு வாஷர், ஒரு நட்டு. டன் கணக்கான பளு உட்கார்ந்தது அந்தச் சின்ன வட்டத்தில். வெல்டு பிளந்தது, சட்டம் மடங்கியது, நட்டின் மேலிருந்த உத்தரம் உருவிக்கொண்டு இறங்கிவிட்டது. கூரையில் தடி அப்படியே தொங்கியது, நுனியில் நட்டோடு.

மீதி எங்கே போச்சு?

'இவ்வளவு தாங்க வேண்டும்' என்று கணக்கு வந்தால், அதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு தாங்குகிற மாதிரி செய்வதுதான் டிசைன். ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி என்பார்கள். நீங்கள் ஏறுகிற லிஃப்டின் இரும்பு வடத்துக்குப் பத்து மடங்கு வரை வைப்பதுண்டு. விமானத்துக்கு ஒன்றரைதான். அதிகம் வைத்தால் பறக்காது! அதனால்தான் அதை அடிக்கடி பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

கன்ஸாஸ் சிட்டி கணக்கைக் கேளுங்கள். முதல் வரைபடப்படி கட்டியிருந்தாலும், கட்டட விதி கேட்ட பலத்தில் அந்த இணைப்புக்கு சுமார் 60 சதவிகிதம்தான் இருந்திருக்கும். தடியை இரண்டாக்கியதும் அது சுமார் 30 சதவிகிதமாகிவிட்டது. திறந்த நாளிலிருந்தே பாலம் கடனில்தான் நின்றுகொண்டிருந்தது.

இதை யாருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையா?

இல்லை. அதுதான் கொடுமை.

இரும்புக் கம்பெனி, 'டெலிபோனில் கேட்டோம், சரி என்றார்கள்' என்றது. இன்ஜினீயர் தரப்பு, 'அப்படி ஒரு போனே வரவில்லை' என்றது. ஆனால் மாற்றிய வரைபடம் இன்ஜினீயர் ஆபீஸுக்கு வந்து, முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருந்தது. இவர்கள் பார்ப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று இவர்கள் நினைத்தார்கள்.

நடுவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. 1979 அக்டோபரில், கட்டிக்கொண்டிருக்கும்போதே லாபிக் கூரையில் ஒரு பகுதி சரிந்தது. மற்ற இணைப்புகளையும் சரிபார்ப்பதாகச் சொன்னார்கள். இந்த நட்டை யாரும் பார்க்கவில்லை.

'ப்ரொஃபஷனல் எதிக்ஸ்' என்றாலே நமக்கு லஞ்சம் வாங்காதே, பொய் சொல்லாதே என்கிற நல்லொழுக்க வகுப்பு ஞாபகம் வரும். இங்கே லஞ்சமும் இல்லை, கலப்படமும் இல்லை. படிக்காமல் போட்ட முத்திரை ஒன்றுதான் இருந்தது.

கிரிமினல் வழக்கு வரவில்லை. ஆனால் பொறுப்பாயிருந்த ஜாக் கில்லம், டேனியல் டங்கன் என்ற இரண்டு இன்ஜினீயர்களும் கடும் அலட்சியம் செய்தார்கள் என்று 1985-ல் தீர்ப்பாகி, மிஸௌரியில் அவர்கள் லைசென்ஸ் பறிபோனது. 'விவரத்தை இரும்புக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது வழக்கம்' என்ற வாதம் எடுபடவில்லை. முத்திரை யாருடையதோ, பொறுப்பும் அவருடையது. கில்லம் பிற்பாடு இன்ஜினீயர்கள் கூட்டங்களுக்குப் போய், தான் கவனிக்கத் தவறியதைத் தானே எடுத்துச் சொன்னார்.

ஹோட்டலில் மறுபடி கட்டிய பாலம் தொங்கவில்லை. தடித்தடியான தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கனடாவில் ஒரு வழக்கம். 1925-லிருந்து அங்கே புது இன்ஜினீயர்கள் ஒரு உறுதிமொழி எடுத்துக்கொண்டு இரும்பு மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே 1907-ல் க்யூபெக் பாலம், கட்டும்போதே விழுந்து 75 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த இரும்பில் செய்த மோதிரம் என்று சொல்வது கட்டுக்கதை. ஆனால் அதைப் போடுகிற இடம் முக்கியம்: எழுதுகிற கையின் சுண்டுவிரல். வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் காகிதத்தில் உரசும். 'படிச்சியா?' என்று கேட்கிற மாதிரி.

நாளைக்கு உங்கள் மேஜைக்கும் ஃபைல் வரும். "எல்லாரும் பார்த்தாச்சு ஸார், நீங்க ஒரு இனிஷியல் மட்டும்..." என்பார் பியூன். மோதிரம் இல்லாவிட்டால் என்ன? ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யாருடைய இடுப்பை யார் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.