மேடையைக் காணாத ரசிகர்கள்

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தளிக்கும் கலை. ஆயினும், கண்ணுக்குரிய பாதியை முற்றாக இழந்த பின்னரும், செவிக்குரிய பாதியைக் கொண்டே ஒரு நாடகத்தின் தீவிர ரசிகராகிவிடுவோர் பலர் உளர். நாடகம் நடக்கும் அரங்கை அவர்கள் கண்டதில்லை. காணும் வாய்ப்பும் அவர்களுக்கு அரிது. எனினும், எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு வரும், எந்த அடியில் நடிகரின் குரல் தழுதழுக்கும் என்பதை ஐயமின்றிச் சொல்வர். இவ்விந்தையை நிகழ்த்தியது இசைத்தட்டு. அதன் கதை அமெரிக்காவில் தொடங்கி, நம் பேராதனைக்கும், கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்கிறது.

நியூயோர்க் நகரின் புரோட்வே வீதியும் அதனை அடுத்த அரங்குகளும் இசை நாடகங்களுக்குப் பேர்போனவை. 1943ஆம் ஆண்டில் அங்கு அரங்கேறிய ‘ஒக்லஹோமா’ என்னும் நாடகத்தின் பாட்டுகளை, மேடையிற் பாடிய நடிகர்களைக் கொண்டே டெக்கா நிறுவனம் பதிவு செய்து, பல தட்டுகள் அடங்கிய தொகுதியாக வெளியிட்டது. முன்னரும் இத்தகைய முயற்சிகள் நடந்ததுண்டு. எனினும், நாடகம் வெற்றி பெற்றால் அதன் இசைத்தட்டும் உடன் வரவேண்டும் என்னும் வழக்கம் வேரூன்றியது இதன் பின்னரே. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். 1948ஆம் ஆண்டில் நெடுநேரம் ஓடும் தட்டு வந்ததும் அந்தத் தடையும் நீங்கிற்று.

1956ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி ‘மை ஃபெயர் லேடி’ என்னும் நாடகம் அங்கு அரங்கேறியது. பெர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் தழுவிய இதற்கு முதல் போட்டதே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளரான சீ.பீ.எஸ். நிறுவனந்தான். அரங்கேறிய அதே மாதத்தில் பாட்டுகள் பதிவாயின. அரங்கில் இடம் கிடைக்காதவர் தட்டை வாங்கினர். நாடகம் வந்து சேராத ஊரார் தட்டையே நாடகமாகக் கொண்டனர். ஒரு நாடகத்துக்கு இரண்டாவது சபையொன்று இவ்வாறு பிறந்தது.

அந்தச் சபையின் பெருமையை நம் காலத்தில் உணர்த்தியது ‘ஹமில்ட்டன்’. அமெரிக்காவின் முதலாவது திறைசேரிச் செயலாளரின் வாழ்க்கையை லின்-மனுவெல் மிரண்டா இசை நாடகமாக்கினார். அது 2015 ஆகஸ்ட் மாதத்தில் புரோட்வேயில் அரங்கேறியது. அடுத்த மாதமே 46 பகுதிகள் கொண்ட ஒலிப்பதிவு வெளிவந்தது. ஏறக்குறைய முழு நாடகமும் பாட்டாகவே அமைந்தமையால், பதிவைக் கேட்டவர் கதையை முழுமையாகவே கேட்டவராயினர். 2020 ஜூலையில் அதன் திரைப்பதிவு வெளியாகும்வரை, உலகெங்கும் பரந்திருந்த ரசிகருட் பெரும்பாலார்க்கு அந்நாடகம் செவியில் மட்டுமே நடந்தது. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஹமில்ட்டனின் நண்பர் லோரன்ஸ் போரில் மாண்ட செய்தி வரும் சிறு காட்சியை மிரண்டா வேண்டுமென்றே ஒலிப்பதிவிற் சேர்க்கவில்லை. நேரில் வருவோர்க்கென்று அரங்கு ஒன்றை மறைத்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்வொலிப்பதிவை முழுவதும் மனப்பாடம் செய்த என் மாணவர் ஒருவர், “சேர், நாடகத்தைப் பார்க்காமலே அது எனக்குத் தெரியும் என்று சொல்லலாமா?” என்று வினவினார். வகுப்பு உடனே இரண்டு கட்சியாயிற்று. நடிகரின் முகத்தையும் மேடையின் ஒளியையும் காணாதவர் நாடகத்தை அறிந்தவராகார் என்றது ஒரு கட்சி. கண்டவர் ஓர் இரவில் ஒரு முறை கண்டார்; கேட்டவரோ நூறு முறை கேட்டார்; ஆகவே அவரே நன்கறிந்தவர் என்றது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. கண்டவருக்கு இசைத்தட்டு நினைவுக் களஞ்சியம். கேட்டவருக்கோ அது கற்பனைக்கு விதை. மேடையைத் தாமே மனத்துள் அமைத்துக்கொள்வதால், நாடகத்தைத் தமது உடைமை என்றே அவர் கருதுகிறார்.

தமிழருக்கும் இது புதிதன்று. செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டில், 27ஆவது வயதிலேயே மறைந்தார். அவர் திரைப்படம் எதிலும் நடித்தவரல்லர். கே. பி. சுந்தராம்பாளும் அவரும் 1926ஆம் ஆண்டில் இலங்கை மேடையிற் சேர்ந்து நடித்த காட்சியைக் கண்டோர் இன்று எவருமிலர். ஆயினும் கிட்டப்பாவின் குரலை நாம் கேட்கின்றோம். கிராமபோன் தட்டுகள் அதனைக் காத்து வைத்தன. பிற்காலத்தில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ ஆகிய படங்களின் கதை வசனத்தை ஒலிபெருக்கியிற் கேட்டுக் கேட்டே, ஒரு சொல்லும் பிசகாமல் நடித்துக் காட்டிய சிறுவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

இனி, கண்டிக்கு வருவோம். ‘மை ஃபெயர் லேடி’ அரங்கேறிய அதே 1956ஆம் ஆண்டில், நவம்பர் 3ஆம் திகதி, பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர அவர்களின் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறியது. பழைய ‘நாடகம’ மரபில் தேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே அதன் இசைக்குத் துணைநின்றார். அந்த மரபோ நம் தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. 1961ஆம் ஆண்டில் ‘சிங்ஹபாகு’ தொடர்ந்தது. இவற்றின் பாட்டுகள் வானொலி வழியாகவும் பின்னர் ஒலிநாடா வழியாகவும் வீடுதோறும் புகுந்தன. மேடையைக் காணாதவரும், மொழி முற்றாகப் புரியாதவரும் அம்மெட்டுகளை அறிவர்.

அதே பேராதனையில், தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் நம் கூத்தைப் புதுக்கி மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலி வதை’ 1968இலும் அரங்கேறின. விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, சில மணி நேரத்துக்குள் அடங்கும் மேடை நாடகமாயிற்று. அன்று மாணவராயிருந்து இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அவர்களே பிற்காலத்தில் பேராசிரியராகி, மட்டக்களப்பில் அதனை மீண்டும் மேடையேற்றினார். அக்கூத்து ஆடியவர் காலிலும் பாடியவர் நாவிலும் தங்கியமையால் உயிர் பிழைத்தது. ஆனால், ‘மனமே’யின் பாட்டுகள் போல் அதன் பாட்டுகள் வீடுதோறும் புகவில்லை. கலையில் இரண்டும் நிகரானவை. ஒன்றற்கு இரண்டாவது சபை வாய்த்தது, மற்றதற்கு வாய்க்கவில்லை. இந்த வேறுபாடு சிறிதன்று.

நம் அண்டையிலேயே இன்னொரு கூத்து இருக்கிறது. மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும். கம்பம் நட்டு, தப்பு முழங்க, மன்மதனும் ரதியும் ஊர்வலம் வருவர். சிவன் நெற்றிக்கண் திறக்கக் காமன் எரிவான். ரதியின் புலம்பல் நெஞ்சை உருக்கும். இப்பாட்டுகள் பலவும் முதியோர் நாவிலிருந்து இளையோர் செவிக்கு நேரே வந்தவை. இளையோர் பலர் தொழில் தேடிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். கேட்கும் செவி அருகில் இல்லையாயின், பாடும் நா மறையும்போது பாட்டும் உடன் மறையும்.

இதற்குப் பெரும் பொருளோ இசைத்தட்டு நிறுவனமோ வேண்டியதில்லை. மாணவர் கையிலுள்ள தொலைபேசியே போதும். முதலிற் கூத்தைப் பயிற்றும் பெரியவரிடம் அனுமதி பெறவேண்டும். இது நேர்த்திக்கடனாகச் செய்யப்படும் வழிபாடு என்பதை மறத்தலாகாது. துண்டு துண்டாக அன்றி, தொடக்கம் முதல் முடிவு வரை பதிதல் வேண்டும். பாடியவர் பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பின்னர் அவரருகில் அமர்ந்து பாட்டின் சொற்களைக் கேட்டெழுதி, ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்கும் ஒன்றைப் பாடசாலை நூலகத்துக்கும் வழங்க வேண்டும்.

ஒலிப்பதிவு கூத்தாகிவிடாது, தீயின் வெம்மையையும், ரதியின் முகத்தையும், சுற்றி நிற்கும் ஊரையும் அது தரமாட்டாது. ஆயினும், ஒலியைக் கேட்டவருக்கே ஒருநாள் நேரிற் காணும் ஆவல் பிறக்கும். ஹமில்ட்டனை மனப்பாடம் செய்யும் ஆற்றலுடைய நம் பிள்ளைகளுக்கு ரதியின் புலம்பல் அரிதாகிவிடுமா? கேட்பதற்கு அது கிடைக்கவேண்டும்; அவ்வளவே. வரும் மாசிக்கு முன் அதற்கான ஏற்பாட்டைச் செய்வது நம் கடன்.