நிறைய என்றால் எவ்வளவு?

"எவ்வளவு போகுது?" என்று டாக்டர்கள் என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார்கள். 16 வயதில், இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு, 40 வயதைத் தாண்டியதும் அடிக்கடி. "நிறைய" என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியாது. இரும்புச்சத்து மாத்திரையும், பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லும் அறிவுரையும் கிடைக்கும். வந்துவிடுவேன்.

நான் பெரியவளானது 1989இல், திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில். அம்மா தன் பழைய நூல்சேலையைக் கிழித்து, நாலாக மடித்து, இடுப்புக் கயிற்றில் முன்னும் பின்னும் செருகக் கற்றுக்கொடுத்தாள். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் அடுக்களைப் பக்கம் போகக் கூடாது. பாய், தட்டு, தம்ளர் எல்லாம் தனி. துணியை விடியுமுன் அலசி, தொழுவத்துக்குப் பின்னால் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட வேண்டும். ஆம்பிளைகள் கண்ணில் படக் கூடாது என்று மறைத்ததில் வெயிலும் படாமல் போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காயவே காயாது. அரை ஈரத்தோடு கட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். துணியைச் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்தினால் போதும் என்று சொல்ல யாரும் இல்லை. துணியின் மேல் எனக்கு இன்றும் கோபம் கிடையாது. அதை ஒளிக்கச் சொன்னதன் மேல்தான் கோபம்.

கல்லூரி விடுதிக்குப் போனபோது நாப்கின் வந்தது. மெடிக்கலில் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். துணியோடு பட்ட பாட்டுக்கு அது பெரிய விடுதலை, மறுக்க மாட்டேன். பின்னால் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் எந்திரங்களை வைத்துச் சுயஉதவிக் குழுப் பெண்களே நாப்கின் செய்தார்கள். 2012 முதல் தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆனால் நாப்கின் உறிஞ்சிக்கொள்ளும். நாம் சுருட்டிக் கட்டித் தூக்கிப் போட்டுவிடுவோம். என்ன போனது, எவ்வளவு போனது என்று பார்ப்பதே இல்லை. அந்தப் பொட்டலத்தைக் குப்பையிலிருந்து கையால் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளரையும் நான் ரொம்ப காலம் நினைத்துப் பார்த்ததில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

2022இல் கொச்சியில் வேலை பார்க்கும் என் மகள் ஊருக்கு வந்தபோது ஒரு சிறு துணிப்பையை என் கையில் வைத்தாள். உள்ளே மெத்தென்ற சிலிகானில் ஒரு குட்டிக் கிண்ணம், அடியில் காம்பு. மாதவிடாய்க் கப். அவள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கும்பளங்கி பஞ்சாயத்தில் அந்த ஜனவரியில்தான் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதைக் கொடுத்து, நாட்டின் முதல் நாப்கின் இல்லாத பஞ்சாயத்து என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன் 2019இலேயே ஆலப்புழை நகராட்சியில் 'திங்கள்' திட்டத்தில் 5,000 கப் கொடுத்திருக்கிறார்கள். 2018 வெள்ளத்தில் முகாம்களில் தங்கிய பெண்கள் நாப்கினை எங்கே போடுவது என்று தவித்ததைப் பார்த்த ஊர் அது. பொருள் புதிதல்ல. லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை 1937இலேயே ரப்பரில் செய்து காப்புரிமை வாங்கியிருக்கிறார். நம் அடுக்களை வரை வந்துசேரத்தான் இத்தனை காலம்.

எனக்கு அப்போது 46 வயது. இரண்டு பிள்ளை பெற்றவள். ஆனாலும் என் உடம்புக்குள் நானே விரல் வைத்ததில்லை. மகள் கதவுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்லச் செய்தேன். நகம் வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குத்தவைத்து உட்கார்ந்து, கிண்ணத்தைப் பிறை போல மடித்து உள்ளே செலுத்த வேண்டும். உள்ளே போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். முதல் மாதம் சரியாக விரியாமல் கசிந்தது. எடுக்கும்போது காம்பை மட்டும் பிடித்து இழுத்து வலியில் கண்ணீர் வந்தது. அடிப்பாகத்தைக் கிள்ளிக் காற்றை உள்ளே விட்டால்தான் பிடி தளரும் என்பது பிறகு பழகியது. மூன்றாம் மாதம் அது இருப்பதே தெரியவில்லை. 12 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுக்க வேண்டும். காப்பர்-டி போட்டவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது, இடம் பெயர்ந்துவிடலாம். கல்யாணமாகாத பெண்கள் வைக்கலாமா என்று என் தங்கை கேட்டாள். தாராளமாக வைக்கலாம். கன்னித்திரை நெகிழும் சவ்வு. அதை வைத்து ஒரு பெண்ணை யாரும் அளக்க முடியாது, அளக்கவும் கூடாது.

கப்பின் சுவரில் மில்லி லிட்டர் கோடுகள் இருக்கின்றன. பெரும்பாலான பெண்களுக்கு ஒரு மாதவிடாய் முழுவதற்கும் 30, 40 மில்லிதான் போகும். காபி டம்ளரில் பாதிகூட வராது. 80ஐத் தாண்டினால் அதிகம். எனக்கோ இரண்டாம் நாளில் 25 மில்லி கப் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரம்பியது. ஒரு பகலிலேயே நான்கு முறை கொட்டினேன்.

அடுத்த முறை டாக்டர் கேட்டபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது, ஹீமோகுளோபின் 8. கட்டியை மட்டும் எடுத்தார்கள். பெண்ணென்றால் அலுப்பு இருக்கத்தான் செய்யும் என்று நான் சுமந்துகொண்டிருந்த அலுப்பு சில மாதத்தில் இறங்கியது. 16 வயதிலேயே எனக்கு ஓர் அளவு தெரிந்திருந்தால் என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

கப்பை அவிப்பதை மட்டும் அம்மா தூங்கிய பிறகு செய்துகொண்டிருந்தேன். 74 வயது அவளுக்கு. ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் அடுப்பைப் பார்த்து, "என்னட்டி அது?" என்றாள். சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் பரணிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் போகிணியை எடுத்துத் தேய்த்து அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். "இத இதுக்குன்னே வச்சுக்க. நல்ல வெயில்ல காயப்போடு" என்றாள்.

அம்மாவுக்கு 42 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் அவளுக்கு விளக்கிச் சொன்னதில்லை. கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டே, "எனக்கும் நெறையத்தான் போச்சு" என்றாள். "எவ்வளவுன்னு யாரு கண்டா."